கைபிடியில் நாங்கள் கட்டிய கயிறு

வின்டர்தூர் நகரில் என் மகள் படிக்கும் பாடசாலையின் விளையாட்டரங்கில் இந்த வசந்தகாலம் ஒரு வரலாற்றுப் பலகை வைத்தார்கள். முதலில் மாடு மேய்ந்த புல்வெளி, பிறகு கரித்தூள் ஓடுபாதை, பிறகு சிவப்பு றப்பர். பெற்றோர்கள் கூடி அடித்த மரப் பார்வையாளர் மேடை. எல்லாம் அழகான ஜெர்மனில். கடைசி வரி: "ஒரு மாணவி கைபிடியில் ஏறி விழுந்ததை அடுத்து மேடை புதுப்பிக்கப்பட்டது."

அந்த மாணவி என் மகள். பதினாலு வயது. போன இலையுதிர்காலத்தில் மேடையின் ஓரத்துக் கைபிடியில் சாய்ந்து நின்று ஓட்டம் பார்த்தாள். கைபிடி கழன்றது. ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தது.

"நான் ஏறேல்லை அப்பா, சாஞ்சு நிண்டனான்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். இன்றும் அதையேதான் சொல்கிறாள். அவள் ஏறியதைக் கண்டவர் ஒருவருமில்லை. கண்டதுபோல் எழுதிவிட்டார்கள்.

கைபிடி பழுதாய் இருந்ததை ஏன் எழுதவில்லை என்று பலகைக்கு முன்னால் நின்ற பாடசாலைப் பராமரிப்பாளரிடம் கேட்டேன். "அந்தக் கைபிடி பழுது என்று ஒருவரும் ஒருநாளும் முறையிடவில்லையே" என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் வீடு வந்தேன்.

ஒவ்வொரு கோடையும் எங்கள் தமிழ்ச் சங்கத்து விளையாட்டுப் போட்டி அங்கேதான். ஊர்ப் பள்ளிக்கூடங்களைப்போல பிள்ளைகளை நிறத்துக்கொரு இல்லமாகப் பிரித்து, இல்ல அலங்காரத்துக்கும் புள்ளி போடுவோம். மேடையில் மகள் விழுந்த அந்த மூலை நீல இல்லத்துக்கு. கைபிடி ஆடுவது எங்களுக்குப் பல வருடமாகத் தெரியும். நைலோன் கயிற்றால் இறுக்கி, மேலே நீலக் கிறேப் பேப்பர் சுற்றுவோம். முடிச்சுப் போடுகிறவன் நான். மாலையில் கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு வருவோம். பாடசாலைக்குச் சொன்னால் நாங்கள்தான் உடைத்தோம் என்பார்கள், அடுத்த வருடம் மைதானம் தரமாட்டார்கள் என்று பயம்.

சங்கத் தலைவருக்கு அழைத்தேன். "அண்ணை, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப்போறன்."

"உனக்கென்ன விசரோ? பிள்ளைக்கு இப்ப சுகம்தானே. வாற வருசம் உன்ர பல்கணியிலயோ ஓட்டப்போட்டி வைக்கிறது?"

"என்ர பிள்ளையைக் குற்றவாளியாக்கிப் பலகையில எழுதி வைச்சிருக்கிறாங்கள், அண்ணை."

போனை வைத்துவிட்டார்.

பழைய படங்களைத் தேடி எடுத்தேன். வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கிற பிள்ளைகளுக்குப் பின்னால், கிழிந்த நீலத் தாளுக்குள் கயிறு தெரிகிறது, வருடா வருடம். அவற்றோடு கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்: இத்தனை வருடம் நீங்கள் ஒருமுறைகூடக் கைவைத்துப் பார்க்காத கைபிடி இது. எங்களுக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. அந்த வரியை அழியுங்கள்.

என் ஜெர்மனைத் திருத்துபவள் மகள்தான். கயிறு வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே, அப்பா."

அவள் மிச்சத்தையும் திருத்தி முடித்து, தானே அனுப்பினாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.