நிறுத்தி வைத்த செட்டின் சூடு

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் அங்கே மருமகளாகப் போனபோது நடு அறையில் ஒரு ஸ்டீரியோ செட் இருந்தது. என் கணவரின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். அது அவர் மனைவியின் பொறுப்பு. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அக்கா சிறிது நேரம் பாட்டு போடுவார். முடிந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ரிமோட்டை அமுக்குவார். பாட்டு நிற்கும், முகப்பு விளக்குகள் அணையும், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சுவரிலிருக்கும் சுவிட்சை யாரும் தொடக்கூடாது. அடிக்கடி அணைத்துப் போட்டால் செட் கெட்டுவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். அதனால் அது இரவும் பகலும் நிறுத்தி வைத்தபடியே சுட்டுக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கி ஆற வைத்த பால் பாத்திரத்தைத் தொட்டால் தெரியும் சூடு. வெயில் காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தாலே ஒரு புழுக்கம் முகத்தில் அடிக்கும்.

"பாட்டும் பாடல, ஒன்னும் பாடல. எதுக்கு இது சும்மா சுட்டுக்கினு கெடக்குது?" என்பார் மாமியார்.

ஒரு மழை நாளில் என் ஈர ரவிக்கையை அதன்மேல் உலர்த்திவிட்டேன். அக்கா அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "மேல எதனா போட்டா காத்து போற ஓட்டை அடைச்சிக்கும். செட்டு பூடும். இனிமே போடாத" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியது. எங்கள் ஜாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ஊர் ஆண்கள் எல்லாரும் போனார்கள், என் கணவரும் போனார். வளைகாப்பு முடித்து என்னை நைனார்பாளையத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தது. பஸ் நின்றுபோனதால் அம்மா வீட்டார் வர முடியவில்லை. சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். முதல் மரத்தைத் தள்ளியவர்களில் தானும் ஒருவன் என்று என் கணவர் வீட்டில் வந்து சொன்னார். சட்டையெல்லாம் மரத்தூள். கேட்டுக்கொண்டு சோறு போட்டேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது.

மாமியார் ஆள் அனுப்பி என் கணவரை வரவழைத்தார். வந்தவர் வண்டி கட்டுகிறேன் என்றார். வயல் வழியாகப் போய்ப் பெரிய ரோட்டில் ஏறினால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊர் துணை சுகாதார நிலைய நர்ஸ், பஸ் இல்லாததால் வீட்டுக்குப் போக முடியாமல் ஊரிலேயே தங்கியிருந்தார். அவர் வந்து என்னைப் பார்த்தார்.

"வண்டியில வெச்சி ஆட்டிக்கினு போனா வழியிலயே பொறந்துடும். அப்புறம் வயக்காட்டுல நான் இன்னா பண்றது? இங்கயே ஆவட்டும்" என்றார்.

"ரோட்டத் தொறந்து விடச் சொல்றேன் நர்சம்மா. நம்ம பசங்கதான் நிக்கிறாங்க" என்றார் என் கணவர்.

"நீங்க இங்க தொறப்பீங்க. அடுத்த ஊருல யாரு தொறப்பாங்க?"

என் கணவர் வாசலில் போய் நின்றார். எனக்கு அப்போது அவர்மேல் கோபமாவது இரக்கமாவது வந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் இல்லை. வலி மட்டும்தான் இருந்தது.

மதியத்துக்குமேல் பெண் பிறந்தாள். அழுதாள், ஆனால் பூனைக்குட்டி கத்துவதுபோல. என் உள்ளங்கையிலிருந்து முழங்கைவரைதான் இருந்தாள். நர்ஸ் துடைத்து என் நெஞ்சோடு சேர்த்து வைத்து மேலே போர்த்தினார்.

"மூச்சு நல்லா இருக்குது. பால பீச்சி பாலாடையில ஊத்துங்க. ஆனா ஒடம்பு சில்லுனு ஆவக்கூடாது. ஆச்சின்னா தாங்காது. ஈரத்துணி ஒரு நிமிஷம்கூட மேல இருக்கக்கூடாது" என்றார்.

அன்றைக்கென்று மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு மழை பிடித்தது. பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்திருந்தோம். குழந்தை நனைக்க நனைக்க மாற்றினோம். துவைத்த துணி எதுவும் காயவில்லை. நெருப்புச் சட்டி வைத்துப் பார்த்தார்கள். விறகு ஈரம், அறை முழுக்கப் புகை. குழந்தை தும்மிவிட்டு முகம் நீலம் பாய்ந்ததும் நர்ஸ் சட்டியை வெளியே எடுக்கச் சொன்னார். சோற்றுப் பானையை இறக்கி அதன்மேல் துணியை விரித்துக் காய வைத்தோம். அடுப்பு எரியும் வேளையில் அது உதவியது. குழந்தை வேளை பார்த்தா நனைக்கும்?

எனக்குச் செட்டின் நினைவு வந்தது. அக்கா இனிமேல் போடாதே என்றதும் கூடவே நினைவு வந்தது. அக்கா அறை வாசற்படியில் நின்று குழந்தையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். சிறிது நேரத்தில் ஒரு துணியோடு வந்து என் கன்னத்தில் வைத்தார். இளஞ்சூடாக, மொடமொடவென்று இருந்தது.

"எங்க காய வெச்சே?" என்று மாமியார் கேட்டார்.

"செட்டு மேல."

நர்ஸ் போய்ப் பார்த்தார். பாட்டு பாடாத பெட்டி சுடுவது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஓடல, இன்னாத்துக்கு இவ்ளோ சூடு?" என்று கேட்டுக்கொண்டே மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. "மொறத்துல துணியப் போட்டு கொழந்தையவே அதும்மேல வெச்சிடலாமா நர்சம்மா?"

"கரண்டு பொட்டி மேலயா? வேணாம். துணிய மட்டும் வைங்க. பிழிஞ்சி, தண்ணி சொட்டாம வைங்க. கன்னத்துல வெச்சிப் பாத்துட்டு அப்புறம் போத்துங்க."

அப்படித்தான் அந்த நாட்கள் போயின. குழந்தை என் நெஞ்சில், துணிகள் செட்டின் மேல். அக்கா அதன் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டார். கரண்டு போய்ப் போய் வந்தது. வந்ததும் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துவிட்டு, சூடு ஏறும்வரை காத்திருந்து துணியை விரிப்பார். ஈரம் குறைந்தால் திருப்பிப் போடுவார். எங்களுக்குள் பேச்சு கம்மிதான். "ஆச்சா?" "ஆச்சி." "இந்தா." இவ்வளவுதான்.

இதற்கிடையில் போலீஸ் ஊர் ஊராக வருவதாகச் செய்தி வந்தது. ஆண்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். என் கணவர் போகும்முன் குழந்தையைப் பார்க்க வந்தார். கை நீட்டியவரை அக்கா தடுத்து, "கைய கழுவினு வாங்க" என்றார். கழுவிவிட்டு வந்து ஒரு விரலால் அதன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். மலையில் தெரிந்தவர் ஒருவரின் தினைக் கொல்லையில் தங்கியிருப்பதாகப் பிறகு சேதி வந்தது.

மழை விட்ட அன்று காலை வார்னிஷ் தீய்வதுபோல ஒரு வாடை வந்தது. அக்கா துணிகளை வாரிப் போட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். செட்டின் பின்பக்கமிருந்து மெல்லிய புகை வந்து நின்றது. துணி அடைத்திருந்த ஓட்டைகளுக்குக் கீழே உள்ளே ஏதோ கருகியிருந்தது.

"அக்கா, செட்டு..." என்றேன்.

"பூட்ச்சி. வெயில் வந்துடுச்சில்ல, துணிய வெளிய போடலாம்" என்று சொல்லிவிட்டு துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

ரோடு திறந்ததும் ஒரு வேனில் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். ஓரங்களில் வெட்டிய மரங்கள் இலை வாடிக் கிடந்தன. குழந்தையை அக்காதான் மடியில் வைத்திருந்தார். டாக்டர் எடை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எடை கம்மி, வேறு குறை இல்லை என்றார். சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். என் கணவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது குழந்தை அவரைப் பார்த்துக் கண்களைச் சிமிட்டினாள்.

அடுத்த வருஷம் அண்ணன் லீவில் வந்தார். செட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "மேல இன்னா வெச்சீங்க? எத்தினி வாட்டி சொன்னேன்?"

அக்கா சமையல்கட்டிலிருந்து சொன்னார்: "கொழந்த துணி வெச்சேன். மறுபடியும் அப்படி ஆனா மறுபடியும் வெப்பேன்."

அண்ணன் ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு எழுந்தார். அப்போது என் மகள் தவழ்ந்து போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தானாக எழுந்து நின்றது அதுதான் முதல்முறை. கையில் வாரிக்கொண்டவர், "இவளுக்கு சாப்பிட இன்னா குடுக்கிறீங்க, இவ்ளோ லேசா இருக்கிறா?" என்று என்னையும் அக்காவையும் கேட்டார். ஒரே நேரத்தில் நான் பால் என்றேன், அக்கா கூழ் என்றார். எங்களில் யார் அவளுக்கு ஊட்டுகிறோம் என்று அவருக்குப் புரியவில்லை.