சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பட்டப்பெயர்

நான் படித்த பள்ளியிலேயே இப்போது வாத்தியார். இன்று காலை உள்ளே நுழைந்ததும் சுவரில் கரியால் எழுதியிருந்தது: "தவக்களை கவிதா." என் எட்டாம் வகுப்புப் பிள்ளை. பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள்.

விடுவேனா? பிரேயரில் கால் மணி நேரம் பிடி பிடியென்று பிடித்தேன். இது உங்கள் வீட்டுச் சுவர் மாதிரி, கூடப் படிக்கிறவளை அழவைத்துவிட்டு என்ன படிப்பு என்றெல்லாம். எழுதிய மூன்று பேரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு வாளி சுண்ணாம்பைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தார்கள்.

"சார், அடிக்க அடிக்க வேற பேரு வருது சார். சத்தியமா நாங்க எழுதல."

போய்ப் பார்த்தேன். கரி மறைந்திருந்தது. ஈரம் பட்ட இடத்தில், பழைய பூச்சுகளுக்கு அடியிலிருந்து, தாரால் எழுதிய எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.

"கருவாடு சாந்தி."

"யாரு சார் சாந்தி?"

"எங்கூடப் படிச்ச பொண்ணு. ஏழாப்போட நின்னுட்டா."

"எழுதுனது யாரு சார்?"

"காயட்டும், கிளாசுக்குப் போங்க" என்று விரட்டினேன். கவிதா மட்டும் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தினமும் கரும்பலகையில் என் கையெழுத்தைப் பார்க்கிறவள்.

சுண்ணாம்பு காய்ந்ததும் பெயர் மறைந்துவிட்டது. இப்போது ரெட்டியார்சத்திரம் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது.

மழை பெய்தால் உங்கள் பள்ளிச் சுவரில் யார் பெயர் வரும், யார் கையெழுத்தில்? தைரியம் இருந்தால் கீழே எழுதுங்கள்.