மரத்துப்போன கன்னம்

அந்த மலை விடுதியில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் கன்னக்கா. அப்படி என்ன அழகுக் கன்னம் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். காற்றிலும் பனியிலும் காய்ந்து, பழைய துணிப்பை போலத் தொங்குகிற கன்னம் அது. பெயர் வந்த காரணம் வேறு.

அந்த ஊர் வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும். துவைத்த விரிப்பு வெயிலில் காயும் என்று காத்திருந்தால் கல்யாணமாகாமல் கிழவியான கதைதான். விடுதிக்குப் பின்னால் ஒரு கொட்டகை, நடுவில் பெரிய விறகடுப்பு, சுற்றிலும் கொடிகள். அதில்தான் காயப்போட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டால் தெரியாது. அந்தக் குளிரில் கதவுப்பிடி, நாற்காலி, சொந்த மூக்கு எல்லாமே கைக்கு ஈரமாகத்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறிய கைக்கு ஈரமும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். அதனால் அவள் விரிப்பின் ஓரத்து மடிப்பை எடுத்து வலது கன்னத்தில் ஒற்றிக்கொள்வாள். ஈரம் ஒளிந்திருப்பது அந்த மடிப்புத் தையலில்தான். வெறும் குளிர் என்றால் கன்னத்துச் சூட்டில் ஒரு மூச்சு நேரத்தில் விலகிவிடும். ஈரம் என்றால் விலகாது, விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மலைக்குக் கீழிருந்து வருகிற விருந்தாளிகளில் யாராவது ஒருவர் படுக்கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லாத வாரம் கிடையாது. அவள் மேலே போவாள், கன்னத்தில் ஒற்றுவாள், "ஈரமில்லம்மா, குளிரு. படுத்தா அஞ்சு நிமிஷத்துல சூடாயிடும்" என்பாள். ஐந்து நிமிஷத்தில் சூடாகிவிடும். இருபத்தேழு வருஷமாக அந்தக் கன்னம் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

அவள் புருஷன் ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவன். குதிரையை நன்றாகப் பார்த்துக்கொண்டான், இவளைப் பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. ஒரு மழைநாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இவளும் அழுதாள், குதிரையும் இரண்டு நாள் புல் தின்னவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். மகள் ஒருத்தி, கீழே கட்டிக்கொடுத்தாயிற்று. போன் பண்ணும்போதெல்லாம் வந்துடும்மா, வந்துடும்மா என்பாள். கூப்பிடுவதில் குறை வைக்கமாட்டாள், அங்கே கால் நீட்டத்தான் இடம் கிடையாது.

இந்தக் கதையில் கால்தான் முக்கியம். விடுதியை எந்தக் காலத்திலோ ஒரு பெரிய அதிகாரி வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்து கட்டினாராம். பள்ளத்தாக்கைப் பார்க்க வசதியாக அறைகளை மேலே வைத்தார், சமையலையும் துவையலையும் கீழே வைத்தார். நடுவில் ஐம்பத்துநான்கு படி. ஏறி இறங்கப்போவது அவர் கால் இல்லையே. கன்னக்காவின் முட்டி இரண்டு வருஷமாகப் படிக்குப் படி முனகியது. யாரிடமும் சொல்லாமல், மூட்டையைத் தோளில் மாற்றுகிற சாக்கில் நின்று நின்று ஏறினாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. கீழே துணி ரூமில், சமையலறை அடுப்புச் சுவருக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த நாற்காலி. அங்கே உட்கார்ந்து வருகிற விரிப்பைப் பார்த்து, மடித்து, எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு படி ஏற வேண்டாம். அதில் இருந்த துணிக்காரர் சீசனோடு வேலையை விட்டு நிற்கப்போகிறார். மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான்.

"முதலாளி ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காருக்கா. இந்த சீசன்ல புகார்ப் புத்தகத்துல துணியப் பத்தி ஒரு புகாரும் வரக்கூடாது. வரலன்னா அந்த நாற்காலி உங்களுக்கு."

சீசன் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வினை வந்தது சனிக்கிழமை.

வலது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. கடைவீதிக்குப் பல் டாக்டர் சனிக்கிழமை காலையில் மட்டும்தான் வருவார். போனாள். ஊசி போட்டார், பிடுங்கினார், பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் படும்மா என்றார். கன்னக்காவின் வீடு விடுதிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறை. அங்கே படுத்தால் மேனேஜர் ஜன்னலுக்கு நேராகக் கால் தெரியும். நேரே கொட்டகைக்குப் போனாள்.

துணிக்காரருக்கு அவள் வாயில் பஞ்சைக் கண்டதும் கொண்டாட்டம். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இன்னிக்காவது நிம்மதியா இருப்போம்" என்றார். பஞ்சோடு பதில் சொல்ல முடியாமல் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கே அவர் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

பதினான்கு அறைக்கும் விரிப்பு மாற்ற வேண்டிய நாள். கை பழக்கத்தில் மடிப்பை எடுத்தது, பழக்கத்தில் வலது கன்னத்துக்குப் போனது. எல்லா விரிப்பும் நல்ல விரிப்பு. இன்னிக்கு அடுப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகத் தூக்கிப்போய்ப் பதினான்கு அறையிலும் விரித்தாள்.

உச்சிப்படி அறையில் இருந்தவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி, ஐம்பதை ஒட்டிய வயது. அவர் கையில் ஊரைப் பற்றிய புத்தகம். பழைய மணிக்கூண்டு, பழைய கல்லறை, பழைய பள்ளிக்கூடம் என்று ஒரு கல் விடாமல் பார்த்து, அது எந்த வருஷம், இது எந்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே போவார். அந்த அம்மாள் அவருடைய ஸ்வெட்டரையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு பின்னால் போவாள். அன்று காட்சிமுனை வரை ஏறி, மேகத்தைப் பார்த்துவிட்டு நான்கு மணிக்குத் திரும்பினார்கள். அந்த அம்மாள் கட்டிலில் விழுந்தாள், விழுந்த வேகத்தில் எழுந்தாள். அவர் கீழே போன் பண்ணினார்.

கன்னக்கா ஏறி வந்தாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. முதுகெல்லாம் நனஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் அந்த அம்மாள்.

"ஈரமில்லம்மா, குளிரு" என்று சொல்லிக்கொண்டே கன்னக்கா மடிப்பை எடுத்து ஒற்றினாள்.

ஒன்றுமே இல்லை. ஈரம் இல்லை, சரி. குளிரும் இல்லை. இந்த ஊரில் குளிராத விரிப்பு ஏது? சுவரில் ஒற்றிய மாதிரி இருந்தது. விரலால் கன்னத்தைக் கிள்ளினாள். அடுத்த வீட்டுக்காரி கன்னத்தைக் கிள்ளிய மாதிரி இருந்தது. மெதுவாக முகத்தைத் திருப்பி இடது கன்னத்தில் வைத்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. விலகவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றது.

அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டான். விரிப்பைக் கையால் தடவினான். அவன் கைக்கு என்ன தெரியும்?

"இவங்க இருபத்தேழு வருஷமா இருக்காங்க சார், இவங்க சொன்னா தப்பாது" என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கக்கா. ஈரமா, குளிரா?"

குளிரென்று சொல்லிவிட்டுப் போ என்று அவன் கண் கெஞ்சியது. அந்த அம்மாளும் சலித்துப்போய், குளிராத்தான் இருக்கும், விடுங்க என்றுவிட்டாள். ஒரு சொல் சொன்னால் முடிந்தது. நாற்காலி கன்னக்காவின் கண் முன்னால் வந்து நின்றது. அடுப்புச் சுவரின் சூடு முதுகில் பட்டதுபோலக்கூட இருந்தது.

கூடவே ஆறாம் நம்பர் அறையும் வந்து நின்றது. அங்கே மூன்று மாசக் கைக்குழந்தை. காலையில் அந்தக் கட்டிலுக்கும் இந்தச் செத்த கன்னத்தால்தான் பார்த்து விரித்தாள். இன்றைக்குப் பொய் சொல்லிவிட்டு நாளைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? மற்றவர்கள் நம்பலாம், அவளால் முடியாது. யோசித்ததெல்லாம் அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

"ஈரந்தான் தம்பி" என்றாள். விருந்தாளிகள் முன்னால் சார் என்று சொல்ல வேண்டும் என்பதும் மறந்துபோயிற்று. "இது மட்டுமில்ல. பதினாலு ரூமும் இந்தக் கன்னத்துலதான் பாத்தேன். பல்லு புடுங்க ஊசி போட்டதுல இது காலையிலேர்ந்து மரத்துக் கிடக்கு."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தான். "ஏங்க்கா, பல்லப் புடுங்கினா ஒருநாள் லீவு கேக்கமாட்டீங்களா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "மாட்டேன்தான்" என்றான்.

அந்த மனிதர் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார். தேதி, மணி, அறை எண் எல்லாம் துல்லியமாக. வருஷத்தின் மேல் ஆசை உள்ளவர், அதையும் விடவில்லை.

பிறகு கன்னக்கா மற்ற பதின்மூன்று அறைக்கும் போனாள். இடது கன்னத்துக்கு இந்த வேலை புதிது, இரண்டு தரம் வைத்துப் பார்த்தால்தான் புரிந்தது. ஐந்து அறையில் ஈரம். அதில் ஆறாம் நம்பரும் ஒன்று. நல்லவேளை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போயிருந்தார்கள். உருவிக் கட்டி இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம். உச்சிப்படி அம்மாள் தன் அறை விரிப்பைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். விருந்தாளி தூக்கக் கூடாது என்று கன்னக்கா தடுத்துப் பார்த்தாள்.

"வீட்டுலயும் இதத்தானே பண்றேன்" என்றாள் அந்த அம்மாள். "இங்க இருந்தா இன்னும் நாலு கல்லுக்கு வருஷம் சொல்லுவாரு. காது வலிக்குது."

கொட்டகையில் இரண்டு பேரும் கொடியில் போட்டார்கள். அந்த அம்மாள் அடுப்பருகில் ஒரு விறகுக்கட்டையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டாள். வந்து இரண்டு நாளில் உருப்படியாக உட்கார்ந்த இடம் இதுதான் என்றாள். மேகம் இல்லாத நாளில் காட்சிமுனை எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. நான் போனதில்ல" என்றாள் கன்னக்கா. "மேகந்தான் இங்கயே வந்துடுதே."

விரிப்பு காய்ந்து ஆறாம் நம்பருக்கு முதலில் போனது, பிறகு மற்ற அறைகளுக்கு. பொழுது சாயும்போது ஊசியின் வேலை இறங்கத் தொடங்கியது. படி ஏற ஏற வலியும் கூட ஏறியது, முட்டியில் ஒன்று, தாடையில் ஒன்று. படியடியில் மேனேஜர் நின்றிருந்தான். புத்தகத்தில் எழுதிவிட்டார், முதலாளியிடம் மறைக்க முடியாது என்றான். திங்கட்கிழமையிலிருந்து துணி ரூமுக்குச் சமையல்காரரின் கொழுந்தியாளைப் போடச் சொல்லுவார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னான்.

"அடுத்த சீசன் பாப்போம்க்கா."

"முட்டிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள்.

கடைசி விரிப்பு உச்சிப்படி அறைக்கு. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். குனிந்து ஓரத்தைச் செருகிய கன்னக்காவால் நிமிர முடியவில்லை. அந்த அம்மாள் தோளைப் பிடித்துக் கட்டிலிலேயே உட்காரவைத்தாள். விருந்தாளியின் கட்டிலில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது விடுதிச் சட்டம். கன்னக்கா எழுந்திருக்கப் பார்த்தாள், கால் கேட்கவில்லை, இருந்துவிட்டாள். மெத்தை நன்றாகத்தான் இருந்தது.

அந்த மனிதர் புத்தகத்தோடு உள்ளே வந்தார். புகார் எழுதியதில் அவருக்கும் உள்ளூர ஒரு மாதிரி இருந்ததோ என்னவோ, பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல பழைய கட்டில். இது எந்த வருஷத்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கன்னக்கா வீங்கின தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"செஞ்ச வருஷம் தெரியாது சார்" என்றாள். "நான் உக்காந்தது இந்த வருஷந்தான்."