எங்கள் தெருத் தேன்

தேனைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். தேனீ வளர்த்தவளுக்குக் கொஞ்சம் கொடுக்கு இருக்கத்தான் செய்யும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இருந்துவிட்டுப் போகட்டும். கொடுக்கு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பங்குனி மாசத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காடு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். ஊர் முடிகிற இடத்தில் எங்கள் தெரு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கொல்லையில் களை வெட்டியும் கடலை பிடுங்கியும் பிழைத்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் வேறு வேலைக்குப் போனவர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிக்குத் தினமும் காலை பஸ் பிடித்துப் போவார். நான் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு என் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். சோறு பிசையும்போது குழம்பின் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பெண்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுத் தருகிறார்கள் என்று பஞ்சாயத்து ஆபீசில் சொன்னபோது எங்கள் தெருவிலிருந்து பேர் கொடுத்தவள் நான் ஒருத்திதான். பெரம்பலூரில் ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாள் பூச்சியோடு மூன்று பெட்டி கொடுத்தார்கள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். இறங்க மாட்டேன் என்றேன் நான். கடைசியில் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் வைத்தேன். பெட்டிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். ஊரே வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தது.

இரண்டே வருஷத்தில் நான் தேன்காரி ஆகிவிட்டேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரத்தான் செய்கிறது. சளிக்கும் வறட்டு இருமலுக்கும் துளசிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தேனை அடுப்பில் ஏற்றக் கூடாது, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றக் கூடாது, கை பொறுக்கிற சூட்டில்தான் கலக்க வேண்டும் என்பதை வீடு வீடாகச் சொன்னவள் நான். வாய்ப்புண்ணுக்குத் தடவச் சொன்னேன். பெட்டியில் ஓர் ஓரமாகப் பூச்சி சேர்த்து வைத்திருக்கிற மகரந்தம்தான் அதன் குஞ்சுக்குப் பருப்பும் முட்டையும் மாதிரி என்று பயிற்சியில் சொன்னார்கள். அதிலும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். லேசாகக் கசந்தது. பூச்சியே சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை மெழுகில்தான். தேன் எடுத்தபின் மிஞ்சுகிற அடையைத் தண்ணீரில் உருக்கி வடிகட்டினால் மஞ்சள் மெழுகு மேலே கட்டியாக மிதக்கும். அதைத் தேங்காயெண்ணெயில் கரைத்து ஆறவைத்துக் களிம்பாக்கினேன். சுண்ணாம்பில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த என் வீட்டுக்காரரின் குதிகாலில் தினமும் தடவினேன். ஒரு மாசத்தில் வெடிப்பு மூடிக்கொண்டது. கொட்டை உடைக்கப் போகுமுன் நாங்கள் பெண்கள் எல்லோரும் விரலில் அதைப் பூசிக்கொண்டோம். எண்ணெய் முன்னைப் போல் தோலைத் தின்னவில்லை. சோறு பிசையும்போது நான் அழுவது நின்றது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் தேன் கொடுக்க மாட்டேன். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். ஒரு வயசு ஆகும் வரை தேனே ஆகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தேன் விற்கிறவளே தேன் வேண்டாம் என்கிறாள் பார் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மேலத்தெருக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஆனால் தேன் வாங்குவார்கள். தேன் பூச்சி செய்தது, அதுவும் மருந்து. அதற்குத் தீட்டு இல்லை என்று அவர்களாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். தங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து வேலி ஓரக் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். நான் பாட்டிலைத் தொடாமல் உயர்த்தி ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றுவேன். அது எனக்கு வித்தையாகவே ஆகிவிட்டது. அவமானம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஊற்றி முடித்து நிமிரும்போது ஒவ்வொரு முறையும் இருந்தது.

அந்த வருஷம் மேலத்தெருவில் பெரிய கொல்லைக்காரர் ஒருவர் முதல்முறையாகச் சூரியகாந்தி போட்டார். தை, மாசியில் கொல்லை முழுக்க மஞ்சள். என் பூச்சிகள் விடிந்ததிலிருந்து அங்கேதான் கிடந்தன. பெட்டிகளில் தேன் சேரும் மேல் அடுக்கு நிரம்பி வழிந்தது. என் கையால் அதற்குமுன் அவ்வளவு தேன் எடுத்ததில்லை. ஊரில் பாதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பங்குனி பிறந்தபோது எல்லா வீட்டுப் பாட்டிலிலும் தேன் உறைந்துபோயிற்று. அடியில் வெள்ளைக் குருணை, மேலே கொஞ்சம் நீர். பார்த்தால் சர்க்கரைப் பாகு பூத்த மாதிரியேதான் இருந்தது.

முதல் பாட்டில் வேலி ஓரத்துக் கல்லுக்குத் திரும்பி வந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் மூன்று. அதற்கு அடுத்த நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது பிறகுதான் தெரிந்தது. சூரியகாந்தி போட்டவரின் மனைவி, மேலத்தெரு அம்மாதான் சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழையில் நான் ரேஷன் சீனியைக் கரைத்துக் கொட்டாங்குச்சியில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக.

அது பொய்யில்லை. வைத்தேன்தான். அடைமழையில் பூவே இருக்காது, பூச்சி பட்டினி கிடந்து செத்துப்போகும், அதற்காக வைப்பது. மழை விட்டுப் பூ வந்ததும் நிறுத்திவிடுவேன். இதை யாரிடம் போய் விளக்குவது?

எனக்குக் கலப்படக்காரி என்ற பேர்கூட அவ்வளவு வலிக்கவில்லை. வலித்தது வேறு. அந்த அம்மா ரேஷன் கடை வரிசையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னது: "அவ அடுப்புல காச்சுனத நாங்க சாமிக்குப் படைச்சிருக்கோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேன் என்றால் பூச்சியுடையது. பாகு என்றால் என் அடுப்பு, என் பாத்திரம், என் கை. பாகாக இருக்குமோ என்பதைவிட என் அடுப்பில் இறங்கியிருக்குமோ என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. விட்டுத்தள்ளு, பெரிய வீட்டோடு நமக்கு எதற்கு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். அவர் பயந்ததில் தப்பில்லை, அவர்கள் கொல்லையில்தான் எங்கள் தெருவே கூலிக்குப் போனது. ஆனால் என்னால் முடியவில்லை. பெட்டி போனால் தேன்காரி போய்விடுவாள், மறுபடி வெறும் கொட்டை உடைக்கிறவள்தான் மிஞ்சுவாள்.

மறுநாள் காலையில் மேலத்தெருவுக்கே போனேன். வாசலுக்கு வெளியே நின்று, ஐயாவும் அம்மாவும் ஒரு நடை வந்து பெட்டியைப் பார்க்க வேண்டும், பார்த்தபிறகு என்ன சொன்னாலும் சரி என்றேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் கிளம்பியதும் அம்மாவும் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு தெருவும் வந்தது.

எல்லாத் தேனையும் நான் எடுப்பதில்லை. ஒரு பெட்டிக்கு அடை கட்டிய ஒரு மரச்சட்டத்தைப் பூச்சிக்கென்றே விட்டுவைப்பேன். அதைத்தான் அன்றைக்கு நம்பினேன். லேசாகப் புகை காட்டி மூடியைத் திறந்தேன். பூச்சி கொட்டிவிடுமோ என்ற பயமில்லை. உள்ளே உறையாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சட்டத்தைத் தூக்கினேன். அடையிலுள்ள குட்டிக் குட்டிக் கண்ணறைகள் எல்லாம் பூச்சி பூசிய மெழுகு மூடியோடு அப்படியே இருந்தன. சட்டத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தியால் மூடியைச் சீவினேன்.

உள்ளே குருணை. பாட்டிலில் இருந்த அதே வெள்ளைக் குருணை, ஒவ்வொரு கண்ணறையிலும்.

"இது நான் மூடுன மூடி இல்லீங்க. பூச்சி மூடுனது. உள்ளயே ஒறஞ்சி கெடக்கு, பாருங்க."

அந்த அம்மா விடவில்லை. சீனித் தண்ணியைக் குடித்தது சீனியைத்தானே கக்கும் என்றார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஐப்பசியில் வைத்தது ஐப்பசியிலேயே தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னது எடுபடவில்லை.

அப்போது ஐயா குனிந்து சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். தேன் கண்ணறைகளுக்குப் பக்கத்தில் மகரந்தம் அடைத்திருந்த கண்ணறைகள், அடர்ந்த மஞ்சள். ஒரு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். சூரியகாந்திக் கொல்லையில் நடந்து நடந்து அந்தத் துண்டு முழுக்க அதே மஞ்சள் ஏறியிருந்தது, துவைத்தும் போகாத மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மனைவியிடம் திரும்பினார்.

"இது நம்ம கொல்லப் பூவுடி."

அவ்வளவுதான் சொன்னார். சூரியகாந்தித் தேன் சீக்கிரம் உறையும், வெயிலில் வைத்தால் மறுபடி இளகும், சத்து ஒன்றும் குறையாது என்று நான் சொன்னதை அதற்குப்பிறகு எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் கல்லிலிருந்து மறைந்தன. அடுத்த வருஷம் சூரியகாந்தி இல்லை, முந்திரிப் பூத் தேன் தண்ணீராக ஓடியது. உறையவே மாட்டேனென்கிறதே, இது அசல்தானா என்று கேட்டு வந்தார்கள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு எனக்கே பிடித்திருந்தது.

அதற்கு முன்னால், பெட்டியைத் திறந்து காட்டிய எட்டாவது மாசமே, கார்த்திகையில் ஒன்று நடந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அந்த அம்மா ஏழு வயசு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கீழ்ப்பழுவூர் டாக்டரிடம் காட்டிவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வருகிறார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, சளி இருமல்தான் என்று சொல்லியிருந்தார். ஆனால் பையன் நிற்க முடியாமல் இருமினான். பாட்டில் கொண்டுவரவில்லை. நான் என் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, வீட்டுக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கொடுங்கள் என்றேன். என் குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த அம்மா வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

"வூட்டுக்குப் போற வரைக்கும் புள்ள தாங்க மாட்டான். ஒன் சொம்புலயே கலந்து குடும்மா."

அதுவரை அவர்கள் என்னை ஏ புள்ள என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சூடு பொறுக்க ஆற்றி, தேனை விட்டுக் கலக்கிக் கொடுத்தேன். பையன் பாதி குடித்தான், இருமல் கொஞ்சம் அடங்கியது. மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சொம்பை வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்தார்கள்.

அன்றைக்குத்தான் என் சொம்பு சுத்தமாயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். அது எப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது.