கழுத்துப்பட்டையும் கட்டம் போட்ட கைலியும்

என் கைப்பேசியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சிரிப்புக்கும் அழுகைக்கும் பதிலாக அனுப்புவார்களே, அந்த வகை. அதில் நடுவயது ஆள் ஒருவர் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, இடுப்புக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட கைலியோடு விறைப்பாக எழுந்து நிற்கிறார். அந்த ஆள் நான்தான். பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நாள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் எங்கள் தலைமையாசிரியையின் பெயர் தோன்றியது. பெரிய டீச்சர் வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்பது எங்கள் தமிழ்ப்பள்ளியில் பழகிப்போன ஒன்று. வந்தது ஆளல்ல, வெறும் பெயர்தான் என்பது என் கால்களுக்குத் தெரியவில்லை. எழுந்துவிட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாய்மார்களும் பார்த்தார்கள். டீச்சர், "உக்காருங்க சார்" என்றார், அவ்வளவுதான். சிரித்திருந்தால் மறந்திருப்பேன். யாரோ ஒரு பையனின் அண்ணன் திரையைப் படம்பிடித்து, அன்று மாலைக்குள் என்னை ஸ்டிக்கராக்கிவிட்டான். இன்றும் பெற்றோர் குழுவில் பள்ளி விடுமுறை அறிவித்தால் முதலில் வந்து நிற்பது நான்தான்.

மெர்போக் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற சின்னப் பள்ளி எங்களுடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதே பாதிக் குடும்பங்கள் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டன. மிச்சமிருந்தவர்களில் பலர் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தார்கள். டீச்சர் வகுப்பைப் பார்வையிட வந்தால் கடைசி வரிசையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்காருவார். பாடம் நடத்துகிறவரைப் பார்க்க மாட்டார். பக்கத்திலிருக்கும் பிள்ளை முணுமுணுப்பதைக் காதைச் சாய்த்துக் கேட்பார். இணையத்தில் முணுமுணுப்பே கேட்காதது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. எனக்கு அது பெரிய நிம்மதி. சேவல், மிக்ஸி, தொலைக்காட்சித் தொடர் எல்லாம் ஒரே நேரத்தில் பாடத்துக்கு வந்ததால், எல்லாரும் ஒலிவாங்கியை மூடிவைக்க வேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன்.

பேச்சுக்குப் பதிலாக விளையாட்டு வைத்தேன். வாசித்துவிட்டு விடையைத் தொட வேண்டும். தப்பென்றால் பெட்டி சிவந்து நடுங்கும், சரியென்றால் பச்சையாகும், நட்சத்திரம் கொட்டும், யாரோ முகம் தெரியாதவர்கள் கைதட்டுவார்கள். செய்யத் தெரிந்துகொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்வியின் எதிர்காலம் என் சமையலறை மேசையில்தான் பிறக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவர் அந்த மேசையில் சப்பாத்தி தேய்க்க வேண்டும் என்றார்.

விளையாட்டில் எப்போதும் முதலாவதாக வந்தது ஒரு சிறுமி. அம்மா கூலிமில் இரவு வேலை. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அம்மாவுடையது. காலையில் அம்மா வந்து தூங்கப் போனதும் கைப்பேசி மகள் கைக்கு வரும். வந்த வேகத்தில் நட்சத்திரங்களை அள்ளிவிடுவாள். நான் அவள் பெயரைக் கோப்பைப் படத்தோடு குழுவில் போட்டேன். அன்றைக்கே டீச்சர் அழைத்தார். "அவ குரல நீங்க எப்பக் கேட்டீங்க சார்?" யோசித்துப் பார்த்தேன். பள்ளியை மூடியதிலிருந்து கேட்கவே இல்லை.

மறுநாள் டீச்சர், அந்தச் சிறுமி, நான் மூவரும் ஒரே அழைப்பில் சேர்ந்தோம். டீச்சர் ஒரு சின்ன வாக்கியத்தைத் திரையில் காட்டி வாசிக்கச் சொன்னார். முதல் எழுத்தோடு நின்றுவிட்டாள். பிறகு எப்படிம்மா நட்சத்திரமெல்லாம் வாங்கினாய் என்று நான் கேட்டேன். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னாள். "வாசிச்சா லேட்டாவும்லா சார். தட்டிக்கிட்டே இருந்தா பச்ச வந்துரும்."

நான் கற்றுக்கொடுத்ததை அவள் ஒழுங்காகத்தான் கற்றிருந்தாள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை, தொழில்நுட்பத்தையும் திட்டவில்லை. பள்ளி திறக்கும்போது இந்தப் பிள்ளை நாலாம் ஆண்டுக்குப் போய்விடும். அங்கே கணக்குக்கும் அறிவியலுக்கும் வாசித்தாக வேண்டும். வாசிக்காமல் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து ஆறாம் ஆண்டுவரை தலையாட்டிக்கொண்டே போய்விடும், அப்படிப் போனவர்களை நான் அனுப்பிவைத்திருக்கிறேன் என்றார். அவருடைய குரல் தளர்ந்து கேட்டது அன்று ஒரு நாள்தான். பிறகு அவளிடம், வீட்டில் என்னம்மா தமிழில் எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். புத்தகம் எல்லாம் பள்ளியில் கிடந்தது. சுவரில் காலண்டர் இருக்கு என்றாள், தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். "அப்ப எனக்கு என்ன பலன்னு பாத்துச் சொல்லு. நான் கும்பம்."

அவள் கைப்பேசியோடு சுவருக்கு நடந்தாள். அங்கே பச்சை ஆவதற்குப் பெட்டி இல்லை, தட்டினாலும் காலண்டர் ஒன்றும் சொல்லாது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, தவறி, திரும்பப் போய்க் கடைசியில், "அ... லை... ச்சல்" என்றாள். "சரியாப் போச்சு, இன்னிக்கு நான் கல்வி ஆபீஸுக்குப் போவணும்" என்று டீச்சர் அலுத்துக்கொண்டதும் அவள் சிரித்தாள். மறுநாள் அவளே அழைத்தாள். டீச்சருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதிலிருந்து காலை தவறாமல் கும்பத்துக்கும், என் ராசியான விருச்சிகத்துக்கும் பலன் வந்தது. அம்மாவின் குறட்டை பின்னணியில் ஓடும். நல்ல நேரம், ராகு காலம், எந்தக் கோயிலில் என்ன திருவிழா என்று தாள் முழுவதையும் அவள் வாசிக்கத் தொடங்கியபோது பள்ளி இன்னும் திறக்கவில்லை.

இப்போது எல்லாம் திறந்துதான் இருக்கிறது, மூட வழிதான் தெரியவில்லை. ஒவ்வொரு தவணையிலும் ஒரு புதிய தளம், அதற்கு ஒரு கடவுச்சொல், அதை மறந்தால் இன்னொன்று. ரொட்டி சானாய் வேண்டுமென்றால் கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் படம்பிடிக்க வேண்டும். கடைக்காரர் ஐந்தடி தள்ளி நின்று நான் படம்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மரண அறிவிப்புக்குக் கட்டைவிரல் உயர்த்துகிறோம். வகுப்பில் கேள்விக்குப் பதில் எழுதித்தரும் செயலி வந்துவிட்டது. கேள்வி கேட்கவும் அதுவே வந்துவிட்டால் நானும் பிள்ளைகளும் சேர்ந்து வெளியே போய்விடலாம் என்றிருக்கிறேன். தட்டுகிறோம், பச்சை வருகிறது. யாருடைய குரலையாவது கேட்டோமா என்று கேட்க இப்போது கடைசி நாற்காலியில் ஆள் இல்லை. டீச்சர் ஓய்வுபெற்று மெர்கோங்கில் தன் வீட்டில் இருக்கிறார்.

இந்த இலட்சணத்தில், சென்ற மாதம் ஆசிரியர்களுக்கு ஊடாடும் இணையமும் எதிர்காலக் கல்வியும் என்ற தலைப்பில் இணையத்திலேயே உரையாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒலி இல்லை. நடுவில் திடீரென்று ஒரு கட்டத்தில் மட்டும் வெளிச்சம். சேலை கட்டி, பொட்டு வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் டீச்சர். நான் எழுந்துவிட்டேன். இந்த முறை கால்சட்டை போட்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் ஒலிவாங்கியைத் திறந்து, "உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

முடிந்ததும் கட்டைவிரல்கள் மிதந்தன. எனக்கு அது போதவில்லை. டீச்சரை அழைத்து, பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டேன். அந்தச் சிறுமி இப்போது சுங்கை பட்டாணியில் இடைநிலைப்பள்ளி மாணவி. தினமும் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் டீச்சருக்குக் குரல்பதிவு அனுப்புகிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"நீங்க பேசறதுக்கு முன்னாடியே தெரியும் சார்" என்றார் டீச்சர். "காலையிலேயே அவ வாசிச்சு அனுப்பிட்டா. விருச்சிகத்துக்கு இன்னிக்கு வீண் பேச்சாம்."