கிலோபாஸ்கல் தந்த ஊறுகாய்

போன செவ்வாய்க்கிழமை காலை, எனக்கு ரத்த அழுத்தம் பதினெட்டு என்று என் மனைவி சாந்தா கண்டுபிடித்தாள்.

மைத்துனன் துபாயிலிருந்து கொண்டுவந்த புது பிரஷர் மெஷின். கையில் பட்டையைச் சுற்றினாள், பட்டனை அமுக்கினாள், அலறினாள்.

"என்னங்க... பதினெட்டுப் புள்ளி ஆறுதான் காட்டுது! போன வாரம் கிளினிக்குல நூத்தி நாப்பதுல்லா இருந்தது?"

எங்கள் கிழக்கேகோட்டைத் தெருவில் ஒரு வீட்டில் பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த வீட்டுக்குத் தகவல் போயாக வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு பிந்து சேச்சி மலையாளம் கலந்த தமிழில் மருந்து சொன்னார்.

"பேடிக்காதீங்க சாந்தேச்சீ! உப்பு போட்ட கஞ்சிவெள்ளம் கொடுத்தா மதி, அது போதும். செரியாயிக்கொள்ளும்."

எனக்கா? பார்த்ததுமே புரிந்துவிட்டது. சாந்தா ஏதோ பட்டனைத் தட்டி யூனிட்டை மாற்றியிருக்கிறாள். டாக்டர்கள் சொல்வது பாதரச மில்லிமீட்டரில். இந்த மெஷின் காட்டுவது கிலோபாஸ்கலில். குடிநீர்க் குழாய்களுக்குப் பிரஷர் பார்த்தே ரிட்டயர் ஆன எஞ்சினியர் நான். காண்ட்ராக்டர் கிலோவில் சொல்வார், மேலதிகாரி பாரில் கேட்பார், பம்பின் தகட்டில் பாஸ்கல் இருக்கும் — இவர்களுக்கு நடுவில் மனக்கணக்குப் போட்டே தலை நரைத்தவன். கிலோபாஸ்கலை ஏழரையால் பெருக்கினால் மில்லிமீட்டர். நூற்று முப்பத்தொன்பதரை. அதே பழைய நூற்று நாற்பதுதான்!

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு துண்டு உப்பு மாங்காயை ஊட்டிவிட்டாள்.

ஆறு மாதமாக உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டவன் வேறென்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டேன்.

"டாக்டரப் பாத்துருவோமா?"

"ரெண்டு நாள் உப்பு சேத்துப் பாப்போம்..." என்றேன், சோர்ந்த குரலில்.

பப்படம், கருவாடு, பிந்து சேச்சி கொடுத்தனுப்பிய உப்பிலிட்ட நெல்லிக்காய்... ராஜ வாழ்க்கை!

வியாழக்கிழமை சாந்தா போனில் பேசுவது காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். ஒரு மாதத்துக்கு முன்பே பட்டுப்புடவையை எடுத்து வைத்திருந்தாள்.

"நான் வரலட்டி. இவுங்கள இப்பிடி விட்டுட்டு எப்பிடி வருவேன்? பயமா இருக்கு..." குரல் உடைந்தது.

வெட்கமாகிவிட்டது. நெல்லிக்காய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன். போய் உண்மையைச் சொன்னேன், ஏழரைக் கணக்கோடு.

அவள் மெஷினை எடுத்துவந்தாள். பட்டையை என் கையில் இறுக்கிக் கட்டினாள். இருபத்தொன்று புள்ளி மூன்று. மொபைலில் பெருக்கினாள். நூற்று அறுபது! யூனிட்டை மாற்றினால் எண்தான் சின்னதாகிறது, உப்பு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

பிறகு தன் கையில் கட்டிக்கொண்டாள். இருபது. இதுவரை நூற்றிருபதைத் தாண்டாதவள்.

"எனக்கு நூத்தி அம்பது. இது எந்தக் கணக்குல ஏறுச்சுன்னு நீங்களே சொல்லுங்க, எஞ்சினியர் சாரே."

மூன்று நாள் என்னை நினைத்துக் கவலைப்பட்ட கணக்கு அது. வெள்ளிக்கிழமை டாக்டர், மாத்திரை, திட்டு. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கல்யாணத்துக்குப் போனோம். சாந்தா பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் வந்தது.

பந்தியில் உட்கார்ந்தேன். வரிசையாக உப்பு வைத்துக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்தார், எதிரில் நின்ற சாந்தாவைப் பார்த்தார்... என் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.