ஒற்றைப் பத்திரியோடு எழுந்த புதியாப்பிள

இம்பிச்சிக்கோயா வலியங்காடியில் ஒரு கொப்பரைக் கிடங்கில் எடை போடுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் குற்றிச்சிறைக் குளத்துக்கு மேற்கே இருக்கும் மனைவி வீட்டில் அவர் இன்னும் புதியாப்பிளதான். கல்யாணத்தன்று வைக்கும் அந்தப் பெயர் கபருக்குப் போகிறவரை மாறாது. அந்த வட்டாரமான தெக்கேப்புறத்து ஆண்கள் எல்லோரையும் போலப் பகலில் தன் தாய்வீட்டில் இருப்பார். அங்கே இப்போது அவருடைய தங்கை குடும்பம் இருக்கிறது. இரவில் இஷா தொழுதுவிட்டு மனைவி குஞ்ஞீபியின் வீட்டுக்குப் போவார். அங்கே அவருக்கும் அவளுக்குமாக ஓர் அறை உண்டு. இரவுச் சாப்பாடு அங்கேதான்.

புதியாப்பிள சாப்பிடுவது அந்த வீட்டில் ஒரு வேலை. அதை அவர் குறையில்லாமல் செய்துவந்தார். அரிசிமாவு ரொட்டியான நெய்ப்பத்திரி, வயிற்றுக்குள் முட்டை வைத்துப் பொரித்த முழுக்கோழி, மீன், இறைச்சி, கடைசியில் நேந்திரம்பழத்தில் தேங்காயும் சர்க்கரையும் அடைத்த உன்னக்காய். அவர் அம்மாயி என்று கூப்பிடும் மாமியார் கதவோரம் நின்று பார்ப்பார். தட்டு காலியானால் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. அதற்குப் பெயர்தான் திருப்தி.

ரஜப் மாதத் தொடக்கத்தில் பாதம் எரிகிறது என்று மருத்துவரிடம் போனார். ரத்தத்தில் சர்க்கரை என்றார்கள். நெய், மாவு, இனிப்பு மூன்றையும் குறைக்க வேண்டும், இரவில் அரை வயிறுதான், நடக்க வேண்டும் என்றார் அந்த மருத்துவர் அம்மா. தராசு முள் நடுவில் நிற்காமல் கையெழுத்துப் போடாத மனிதர் இம்பிச்சிக்கோயா. சொன்னதைச் சொன்னபடியே செய்வது என்று முடிவு செய்தார். மனைவி வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாயி கேட்கப்போகும் முதல் கேள்வி "எங்க சாப்பாட்டாலயா?" என்பதுதான். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அன்று இரவு ஒரு பத்திரி, ஒரு துண்டு மீன், கொஞ்சம் வெள்ளரிக்காய் எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்தார்.

"என்ன எழுந்துட்டீங்க?" என்றாள் குஞ்ஞீபி.

"வயிறு நெறஞ்சிருச்சு."

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி."

அவள் அவருடைய வயிற்றைப் பார்த்தாள். "கஞ்சி குடிச்சு நெறையிற வயிறா இது?"

மறுநாள் ருசி போதவில்லை போலிருக்கிறது என்று இறைச்சி அடுக்கிச் சுட்ட சட்டிப்பத்திரி சேர்ந்தது. அதற்கடுத்த நாள் முட்டமாலை வந்தது. மஞ்சள் கருவைப் பாகில் இழை இழையாக இழுத்துச் செய்கிற அது விருந்தாளிகளுக்கு மட்டும் செய்கிற பண்டம். அவர் ஒரே பத்திரியோடு எழுந்தார். பத்தியம் பிடிப்பவருக்கு வரும் தொல்லை பசி. வலியங்காடியில் மூட்டைகளுக்கு நடுவே நின்றவருக்கு நாலாவது நாள் சாயங்காலம் கண் இருண்டது. கடற்கரை வழியாக நடந்தால் மருத்துவர் சொன்ன நடையும் ஆயிற்று என்று போனவர், பொரித்த கல்லும்மக்காய்ச் சிப்பி விற்கும் வண்டிக்கு முன் நின்றுவிட்டார். ஒரு தட்டு வாங்கினார். இன்னொரு தட்டும் வாங்கினார். அவரை அளியா என்று கூப்பிடும் மைத்துனன் பீரான் ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போனதை அவர் பார்க்கவில்லை. பீரான் பார்த்தான்.

தெக்கேப்புறத்தில் மனத்தாங்கல் கொண்ட புதியாப்பிள சத்தம் போடுவதில்லை. முதலில் சாப்பாட்டைக் குறைப்பார். பிறகு தாமதமாக வருவார். பிறகு வரமாட்டார். மனைவி வீட்டில் அவருடைய அறை காலியாகக் கிடக்கும். தெருவே அதைப் பற்றிப் பேசும். வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடற்கரையில் நின்று தின்கிறார் என்ற செய்தி வந்ததும் வீடு கூடி உட்கார்ந்து யோசித்தது. எங்கே தவறினோம்? கடைசியில் கண்டுபிடித்தார்கள். போன மாதம் குஞ்ஞீபியின் அக்காள் மகள் கல்யாணத்தில், புதியாப்பிளக்கு வைக்கவேண்டிய, கோழிக்குள் இருந்த முட்டை கொயிலாண்டியிலிருந்து வந்த விருந்தாளியின் தட்டுக்குப் போய்விட்டது. இம்பிச்சிக்கோயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு அறையில் விளக்கை அணைக்கப் போன குஞ்ஞீபி, கை சுவிட்சில் இருக்கக் கேட்டாள்: "நாளைக்கு வருவீங்கல்ல?"

முப்பது வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கு விளங்கவில்லை. "வராம எங்க போவேன்?" என்றார். அந்தப் பதிலை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தங்கை வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. கூடத்தில் அம்மாயி உட்கார்ந்திருந்தார். முட்டுவலியால் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகாதவர். பக்கத்தில் பீரான், அவன் மடியில் துணி மூடிய பெரிய தட்டு.

"அந்த முட்டை உங்களுக்கு வரவேண்டியது," என்றார் அம்மாயி. "தப்பு எங்க மேல. மனசுல வெச்சுக்காதீங்க."

"எந்த முட்டை?"

"கொயிலாண்டிக்காரர் தின்ன முட்டை," என்றான் பீரான். துணியை எடுத்தான். முழுக்கோழி. உள்ளே ஒன்றல்ல, மூன்று முட்டைகள் இருப்பதாகச் சொன்னான்.

இம்பிச்சிக்கோயா கோழியைப் பார்த்தார். சாப்பிட்டால் நாளை முதல் பழைய கதைதான். வேண்டாம் என்றால் பிணக்கு உறுதியாகிவிடும். உள்ளறைக் கதவருகே தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். விளக்கணைக்கும் முன் குஞ்ஞீபி கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அம்மாயி, எனக்குச் சர்க்கரை."

பீரான் மூச்சு விட்டான். "அவ்வளவுதானா அளியா? எனக்கு நாலு வருஷமா இருக்கே!"

அம்மாயி மகன் பக்கம் திரும்பினார். "உனக்கா?"

"மாத்திரை போடறேன்மா."

"நேத்து ஆறு உன்னக்காய் தின்னியேடா."

"அதுக்குத்தானே மாத்திரை."

அம்மாயி அவனை விட்டுவிட்டு மருமகனிடம் வந்தார். கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது. "எங்க சாப்பாட்டாலயா?"

இம்பிச்சிக்கோயா யோசித்தார். "நல்லாச் சமைச்சீங்க, அம்மாயி. நான் அளவில்லாமச் சாப்பிட்டேன்."

அம்மாயி அந்தப் பதிலைக் கொஞ்சநேரம் வைத்துப் பார்த்தார். குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை. "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். சரி, கடப்புறத்துல கல்லும்மக்காய் தின்னது என்ன வைத்தியம்?"

"பசி."

"என் வீட்டுக்கு வர்ற புதியாப்பிள பசியோட கடப்புறத்துல நின்னாரு. இதவிட முட்டை எவ்வளவோ தேவல," என்று அம்மாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோழியைப் பிய்த்து, தோலை நீக்கிவிட்டு, ஒரு துண்டும் ஒரு முட்டையும் அவர் தட்டில் வைத்தார். மிச்சம் தங்கையின் பிள்ளைகளுக்குப் போயிற்று. பீரான் கையை நீட்டினான். அம்மாயி தட்டை நகர்த்திவிட்டார்.

அதன்பின் ஏற்பாடு இது. விரிப்பில் பண்டங்கள் குறையாது; அது வீட்டின் மானம். அவற்றுள் கனமானது ஏதாவது ஒன்று, அவர் கை காட்டுவது, ஒரு துண்டு. மீனும் காயும் வேண்டிய அளவு. யாரும் "இன்னும் ஒண்ணு" என்று சொல்லக்கூடாது. அம்மாயி மட்டும் சொல்லலாம், பெருநாளன்று. சாப்பிட்டபின் குளத்தைச் சுற்றி நடை, குஞ்ஞீபியோடு. இதில்தான் சங்கடம் இருந்தது. குளக்கரையில் தினமும் கூடி உட்காரும் சிநேகிதர்கள் முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன இம்பிச்சி, அறையவே வெளிய கொண்டுவந்துட்டியா?"

"டாக்டர் நடக்கச் சொன்னாங்க."

"எனக்கும்தான் சொன்னாங்க. பொண்டாட்டியோடன்னு சொல்லலியே!"

குஞ்ஞீபி முக்காட்டை இழுத்துக்கொண்டு, "உங்களோட நடக்க உங்க பொண்டாட்டி வரணுமே," என்றாள். கரை முழுக்கச் சிரித்தது. அடுத்த சுற்றில் அவருக்குச் சர்க்கரை போடாத சுலைமானித் தேநீர் வைத்திருந்தார்கள். நின்று குடித்தார். கசந்தது. நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

ரமலானுக்கு முன் மறுபடியும் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. மருத்துவர் கேட்ட அளவுக்கு இல்லை, இறங்கியிருந்தது. அம்மாயி செய்தியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மறுநாள் தெருவில் எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பினார்: எங்க அடுக்களைச் சாப்பாட்டுல புதியாப்பிளக்குச் சர்க்கரை எறங்கிருச்சு. இம்பிச்சிக்கோயா மறுக்கவில்லை. அன்று இரவு சட்டிப்பத்திரியைக் கை காட்டினார். ஒரு துண்டு வந்தது. மெதுவாக, முழுக்கச் சாப்பிட்டார்.

அந்த வாரமே பக்கத்து வீட்டில் அவர்களுடைய புதியாப்பிளக்கும் ஒரு பத்திரியும் வெள்ளரிக்காயும் வைத்ததாகக் கேள்வி. அவனுக்கு இருபத்தாறு வயது. பந்து விளையாடுகிறவன். ஒரு நோயும் இல்லை.